கைநீட்டுவது கோழைத்தனமா?

“குடியை விடுவதற்குக் கூட்டம் ஒரு கேடா? ஆண்மகன் என்றால் ஒரே சொல்! ‘இன்றோடு விட்டேன்’ என்றால் விட்டதுதானே!”

இப்படிப் பேசுகிறார்கள். பேசுபவர் பெரும்பாலும் குடிக்காதவர். கரையிலே உலர்ந்த வேட்டியுடன் நின்றுகொண்டு, சுழலிலே சிக்கியவனைப் பார்த்து, “கையை வீசு, காலை உதை, வீரனாயிரு” என்று கூறுவது எளிது, செலவில்லாதது, கூறியவருக்கு ஒரு பெருமிதமும் கிட்டுகிறது. மூழ்கியவன் என்ன ஆனான் என்று பார்க்கும் தொல்லை மட்டும் அவர்க்கு இல்லை.

இன்னொரு சாரார் உளர். அவர்கள் நம்மவர், நூல் கற்றவர், மேடை கண்டவர், மடமையைச் சாடுவதிலே முன்னிற்பவர். அவர்கள் கேட்பது வேறு. “அந்தக் கூட்டங்களிலே கடவுளை அழைக்கிறார்களாமே! என்னினும் மேலான சக்தியிடம் என்னை ஒப்படைக்கிறேன் என்று சொல்லவேண்டுமாமே! பகுத்தறிவாளன் அங்கே போய்ப் பஜனை பாடுவதா?”

முதற் கேள்வி தன்மானத்தின் பெயரால் எழுகிறது; அடுத்தது பகுத்தறிவின் பெயரால். இரண்டும் நமக்கு உயிரனைய சொற்கள். அந்தச் சொற்களைக் காட்டி ஒரு மனிதனை, குடியிலிருந்து மீள விரும்பும் மனிதனை, வாயிற்படியிலேயே தடுத்து நிறுத்துகிறோம் என்றால், அச்சொற்களுக்கு நாம் கொண்டிருக்கும் பொருள் சரிதானா என்று உரசிப் பார்க்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.

தீமை என்று அறிந்த பின்னும் மனிதன் ஏன் அதைச் செய்கிறான்? இந்த வழக்கு கிரேக்க நாட்டிலே விசாரணைக்கு வந்து 2,300 ஆண்டுகட்கு மேலாகின்றன. அறிந்தவன் தவறான்; தவறுகிறான் என்றால் அவன் உண்மையில் அறியவில்லை என்பது சாக்ரடீசின் வாதம். அரிஸ்டாட்டில் ஒப்பவில்லை. கண்ணெதிரே காணும் உலகத்தோடு அது பொருந்தவில்லையே என்றார். நிகோமாகிய அறவியல் நூலின் ஏழாம் பகுதியிலே அவர் ஒரு நிலையை எடுத்துக்காட்டுகிறார்: குடிவெறியில் இருப்பவன் எம்பெடாக்ளிசின் பாடல் வரிகளைத் தடையின்றி ஒப்பிக்கக் கூடும், ஆனால் வாயிலே வரும் வரி அவன் நெஞ்சிலே வேலை செய்வதில்லை. அறிவு இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. என்னே கூரிய பார்வை! “குடி குடியைக் கெடுக்கும்” என்று அச்சிட்ட புட்டியைக் கையிலே பிடித்துக்கொண்டு, அந்த எழுத்துக்களைப் படித்தபடியே குடிக்கும் நம் ஊர்க்காரனை அந்தக் கிரேக்கன் நேரிலே பார்த்ததுபோலவே எழுதிவிட்டான்.

வள்ளுவரும் இதைத் தொட்டிருக்கிறார். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். குடித்து மயங்கியவனுக்குக் காரண காரியம் காட்டித் தெளிவிப்பது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி பிடித்துத் தேடுவதற்கு ஒப்பாகும் என்கிறது முன்னது. தான் குடிக்காத வேளையிலே, குடித்துத் தள்ளாடும் மற்றொருவனைக் காணும்போதாவது தன் சோர்வை எண்ணிப் பாரானோ என்று கேட்கிறது பின்னது. வெளியார் அறிவுரை நீரிலே அவியும் நெருப்பு. தன்னையொத்தவனைக் காண்பதே கண்ணாடி. வள்ளுவர் கூட்டம் கூட்டச் சொன்னார் என்று நான் சாதிக்கவில்லை. எதைக் கேட்டாலும் குறளிலே எடுத்துக்காட்டும் வித்தை எனக்குக் கைவராது. ஆனால் அந்த இரு குறள்களுக்கிடையே நிகழும் நகர்வு இருக்கிறதே, உபதேசத்திலிருந்து ஒத்த மனிதனுக்கு நகரும் அந்த நகர்வு, அதைத்தான் அமெரிக்க நாட்டிலே குடியால் அழிந்துகொண்டிருந்த இருவர் 1935-இல் தம் அனுபவத்தால் கண்டனர்.

அதைக் கூறுமுன், உடலைப் பற்றி ஒரு செய்தி. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன், வீராவேசத்துடன் திடீரென்று நிறுத்துவானேயானால், முதற் சில நாட்களிலே கை நடுங்கும், வியர்வை கொட்டும், உறக்கம் பிடிக்காது. சிலருக்கு வலிப்பு வரும். சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு அலறிப் பிதற்றுவர். உயிர் போவதும் உண்டு. ஆகவே முதல் வாயில் மருத்துவமனை. கூட்டம் அதற்கு அடுத்தது. ‘ஒரே சொல்லில் விடு’ என்பவர்கள் இதை அறிந்து பேசுவதாகத் தெரியவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதை நோய் என்று அறிவித்துவிட்டது. நோய் என்றதும் பொறுப்பு கழன்றுவிடுகிறதோ என்று ஐயுறவேண்டா. நீரிழிவு வந்தது ஒருவன் குற்றமன்று, மருந்து உண்ணாமலிருப்பது அவன் பொறுப்பு.

நம் நாட்டிலே நோய்க்கு என்னென்ன மருந்து செய்கிறோம்? கோயிலுக்கு இழுத்துச் சென்று கையிலே கயிறு கட்டுகிறோம். கயிறு அவிழ்க்கும் நாள் எப்போது என்று அவன் விரல்விட்டு எண்ணுகிறான். ‘கணவருக்குத் தெரியாமல் சோற்றிலே கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரமாகும் பொடியை, தாலியை அடகு வைத்து வாங்குகிறாள் ஒருத்தி. அனுமதியில்லாத ‘மறுவாழ்வு இல்லங்களில்’ அடைத்துவைத்து அடிக்கிறார்கள். பக்தி, பொய், தடி! மூன்றிலும் ஒன்று பொது: குடித்தவன் ஒரு மனிதன் என்ற நினைவு எங்கும் இல்லை.

இப்போது ஆக்ரன் நகருக்கு வருவோம். ஓஹையோ மாநிலத்திலே ரப்பர் சக்கரத் தொழிலுக்குப் பெயர்போன நகர் அது. 1935 மே மாதம், அங்கே மேஃபிளவர் என்ற விடுதியின் முன்கூடத்திலே ஒருவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெயர் பில் வில்சன். நியூயார்க்கின் பங்குச் சந்தையிலே ஏறி, குடியால் சரிந்தவர். ஐந்து திங்களாகக் குடிக்காமலிருந்தவர். வந்த வணிகம் தோற்றுவிட்டது, கையிலே பணமில்லை. கூடத்தின் ஒரு புறம் மதுவறை அழைக்கிறது. இன்னொரு புறம் தொலைபேசி. தன்னைப் போன்ற மற்றொரு குடிநோயாளியோடு இப்போதே பேசாவிட்டால் தான் குடித்துவிடுவோம் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. பாதிரியார் ஒருவரை அழைத்து, அவர் வழியாக வேறு சிலரை அழைத்து, இறுதியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற அம்மையாரின் ஏற்பாட்டால், ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்த மருத்துவர், ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஏன் என்று எண்ணிப் பாருங்கள். குடி என்ன செய்யும் என்று ஒரு மருத்துவருக்குப் பாடம் நடத்தத் தேவையுண்டா? எத்தனை குடல், எத்தனை ஈரல் பார்த்திருப்பார்! அறிவிலே குறைவில்லை, அரிஸ்டாட்டில் சொன்னபடி அது பூட்டிக் கிடந்தது. அதற்கு முந்திய மாதங்களில் வில்சன் நியூயார்க்கிலே பல குடிநோயாளிகளிடம் போய்த் தாம் பெற்ற தெய்விக அனுபவத்தை விவரித்துப் பார்த்தார். ஒருவரும் குடியை விடவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் சில்க்வொர்த் சொன்னார்: பிரசங்கத்தை நிறுத்து, நோயின் உண்மையைச் சொல். ஆக்ரனிலே வில்சன் அதைத்தான் செய்தார். அவர் ஸ்மித்தைக் கடைத்தேற்ற வரவில்லை. தம் உயிரைக் காத்துக்கொள்ள வந்திருந்தார். கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்ற படிக்கட்டு அங்கே இல்லை. ஸ்மித் சிலநாள் கழித்து ஒருமுறை வீழ்ந்தார், மீண்டார். 1935 ஜூன் 10, அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று கணக்கிட்டு, அதையே தங்கள் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் ஏ.ஏ. அமைப்பினர். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது அதன் பொருள். 1939-இல் அவர்கள் வெளியிட்ட நூலின் பெயரே அமைப்பின் பெயராயிற்று.

1934 டிசம்பரிலே நியூயார்க் மருத்துவமனையில் வில்சன் கண்ட பேரொளியைப் பற்றிப் பக்தர்கள் உருகிப் பேசுவதுண்டு. அவ்வேளையில் அங்கே அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையில் மதிமயக்கம் தரக்கூடிய பெல்லடோனா இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை முழுமை பெறும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். இந்தப் புதிய முயற்சிக்குப் பெருந்தொகை வேண்டி ராக்ஃபெல்லரை அணுகினார்கள். பணம் வந்தால் இது கெட்டுவிடும் என்று கருதிய அந்தச் செல்வர், 1938-இல் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். பிறகு அவர்களே விதி செய்துகொண்டார்கள்: வெளியார் நன்கொடை வேண்டா, கட்டணம் இல்லை, வருபவர் விரும்பினால் போடும் சில்லறையே செலவுக்கு. உண்டியல் வைத்துக் கோடி சேர்க்கும் ‘புனித’ நிலையங்களைக் கண்டு பழகிய நமக்கு இது புதுமையன்றோ!

எங்கள் ஊரிலே தையற்கடை வைத்திருக்கும் தோழர் ஒருவர் உண்டு. படிப்பகத்தைப் பல்லாண்டாக நடத்தி வந்தவர். என்னைப் போன்ற பலருக்கு முதல் நூலைக் கையிலே கொடுத்தவர். அளவு நாடா பிடிக்கும் கை நடுங்கத் தொடங்கிய பின்தான் ஊருக்குச் செய்தி தெரிந்தது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலே பத்து நாள் இருந்தார், நடுக்கம் நின்றது. அங்கிருந்த சமூகப் பணியாளர் ஒரு தாளிலே இடமும் நாளும் எழுதிக் கொடுத்தார்: ஞாயிறு மாலை, ஒரு பள்ளியின் வகுப்பறை, ஏ.ஏ. கூட்டம். தோழர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், போகவில்லை.

“தம்பி, முப்பது ஆண்டாகத் திருநீறு படாத நெற்றி இது. ஒரு குவார்ட்டரை விடுவதற்காக அங்கே போய்க் கும்பிடச் சொல்கிறாயா?”

“கும்பிடச் சொன்னால் எழுந்து வந்துவிடுவோம், அண்ணே. கேட்பதற்கு மட்டும் போவோம்” என்றேன்.

போனோம். குடிநோயாளிகள் மட்டும் கூடும் கூட்டம் ஒன்று, உற்றாரும் மற்றாரும் வந்து கேட்கத்தக்க கூட்டம் ஒன்று என்று இருவகை உண்டு, அது பின்னது. அங்கே யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதமாட்டேன். கேட்டதை வெளியே கொண்டுபோகலாகாது என்பது அவர்கள் முறை. அம்முறையை மீறினால் அந்த அறை நிலைக்காது. எப்படிக் கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. “நீ இப்படிச் செய்திருக்கவேண்டும்” என்று எவரும் சொல்லவில்லை. கைதட்டல் இல்லை. உச்சுக்கொட்டல் இல்லை. பேசியவர் தம் கேவலத்தை எண்ணித் தாமே சிரித்தபோது மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். அது ஏளனச் சிரிப்பன்று, ‘எனக்கும் நடந்தது’ என்னும் சிரிப்பு. ஐந்து நிமிடம் வகுப்பிலே அமைதி காக்கச் செய்ய நான் படும் பாடு எனக்குத் தெரியும். மேடை மேடையாகப் பேசப் பழகிய நம் இயக்கங்களிலே, இவ்வாறு கேட்கப் பழகியவர் எத்தனை பேர்? எவரையும் என்ன சாதி, என்ன தொழில் என்று கேட்கவில்லை. முழுப் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

முடிவிலே எழுந்து நின்று ஒரு வேண்டுதல் வாசகத்தைச் சொன்னார்கள். தோழர் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு வாய்திறவாமல் நின்றார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில் அவர் சொன்னார்: “கடவுள் பேச்சு ஒரு நிமிடம், தம்பி. குடிப்பேச்சு ஒன்றரை மணி நேரம். அதிலே முக்காலும் என் கதை.” அடுத்த ஞாயிறு அவர் தனியாகவே போனார். பெயரை மட்டும் விடுத்து எழுதிக்கொள் என்று இசைவு தந்திருக்கிறார். இதை எழுதும்போது அவர் குடிக்காத நாட்கள் 140-ஐத் தாண்டியிருக்கின்றன. இடையிலே ஒருமுறை சறுக்கி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிய கணக்கு அது.

சரி, கடவுள் கேள்வியை நேரே பார்ப்போம், மழுப்பவேண்டா. ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் ஆறு, கடவுளையோ மேலான சக்தியையோ குறிப்பிடுகின்றன. அதன் பிறப்பே ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்துவ இயக்கத்தின் நிழலிலே நிகழ்ந்தது. இதை மறைப்பவர் நேர்மையற்றவர். ஆனால் அதே தொடக்க நாட்களில் அந்த அறையிலே ஒரு நாத்திகர் இருந்தார் என்பதையும் மறைக்கலாகாது. ஜிம் பர்வெல் என்ற விற்பனையாளர். 1938-இல் வந்து சேர்ந்தார். கடவுள் பேச்சைக் கூட்டந்தோறும் தாக்கினார். இவர் மறுபடி குடித்துத் தொலைந்தால் நல்லது என்று அன்பர்கள் சிலர் எண்ணும் அளவுக்குத் தாக்கினார்! குடித்தும் விட்டார், திரும்பியும் வந்தார், அதன்பின் 1974-இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. ‘கடவுள்’ என்ற சொல்லுக்கு அருகே ‘நாங்கள் புரிந்துகொண்டபடி’ என்ற தொடர் நுழைந்ததிலே அவர் போராட்டத்துக்குப் பங்குண்டு. நெடுங்காலம் தாம் ஏற்க முடிந்த ஒரே மேலான சக்தி அந்தக் குழுவின் சக்தியே என்று அவர் எழுதியிருக்கிறார்.

இது சொற்சிலம்பம் என்று சிலர் நகைப்பர். பாதி உண்மை. கடவுள் என்ற சொல்லை எடுத்துக் கூட்டத்துக்குச் சூட்டுவதிலே எனக்கும் விருப்பமில்லை. கூட்டத்தைக் கூட்டம் என்றே சொல்லலாமே. நல்ல வேளையாக, அப்படிப் பொய்யாகத் தலையாட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. உறுப்பினராவதற்குத் தேவை ஒன்றே, குடியை விடவேண்டும் என்ற விருப்பம். இது அவர்களே 1950-இல் முறைப்படி ஏற்ற விதி. “நான் கடவுளை ஏற்பவன் அல்லன், குடியை விட வந்திருக்கிறேன்” என்று தெளிவாகச் சொல்லி உட்காரலாம். பிறர் வணங்கும் அறையிலே உட்கார்வது வணங்குவதாகாது. ஓட்டுநர் தம் முன்னே உள்ள படத்துக்கு ஊதுவத்தி கொளுத்துகிறார் என்பதற்காகப் பேருந்திலிருந்து இறங்கி நடக்கும் பகுத்தறிவாளரை நான் இன்னும் கண்டதில்லை. ஊர் போய்ச் சேரவேண்டும், அதுதானே கணக்கு!

கட்டாயம் என்று வரும்போது நிலை வேறு. அமெரிக்காவிலே சிறையிலிருப்போரையும் நன்னடத்தையிலே விடப்பட்டோரையும் அரசு இக்கூட்டங்களுக்குப் போகும்படி வற்புறுத்தியபோது, அது சமயத்தைத் திணிப்பதாகும் என்று நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் 1996-லும், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2007-லும் தீர்ப்பளித்தன. நல்ல தீர்ப்புகள். கனடாவின் டொரண்டோ நகரிலே வேறொரு கதை. படிகளிலிருந்து கடவுளை நீக்கிக்கொண்ட இரு ஏ.ஏ. குழுக்களின் பெயர்களை 2011-இல் நகரப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பட்டியல்தானே என்று எண்ணாதீர். நள்ளிரவிலே நடுங்கும் கையோடு, ‘எங்கே போவது’ என்று தேடுபவன் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். அதிலே பெயரில்லாத குழு அவனுக்கு உலகிலேயே இல்லை. மனித உரிமை மன்றம் வரை வழக்குப் போன பின், 2017-இல் மீண்டும் சேர்த்தார்கள். கடவுளற்ற ஏ.ஏ. குழு 1975-லேயே சிக்காகோவில் தோன்றிவிட்டது. ஏ.ஏ.வுக்கு வெளியே, 1994-இல் தொடங்கிய ‘ஸ்மார்ட் ரிக்கவரி’ என்னும் அமைப்பு, உளவியல் முறைகளைக் கொண்டு, படிகளும் இன்றிக் கடவுளும் இன்றிக் கூட்டம் நடத்துகிறது. ‘நான் குடிநோயாளி’ என்ற முத்திரையைக்கூட அது கேட்பதில்லை. அத்தகைய கூட்டங்கள் இன்று இணையவழியிலும் நடக்கின்றன. எனவே, “உன் அவநம்பிக்கைதான் உன் நோய்” என்று எவராவது புதியவனிடம் சொல்வாரேயானால், அவன் எழுந்து வேறு கூட்டம் தேடலாம். தேடவேண்டும், குடிக்கடைக்குத் திரும்பலாகாது.

பயன் உண்டா என்று கேட்பது பகுத்தறிவாளன் கடன். 2020-இல் காக்ரன் அமைப்பு ஓர் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டது. கெல்லி, ஹம்ஃப்ரிஸ், ஃபெரி ஆகிய மூவர் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை அலசினர். ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றோரில், ஓராண்டுக்குப் பின் முற்றிலும் குடிக்காதிருந்தோர் நூற்றுக்கு 42. பிற உளவியல் சிகிச்சைகள் பெற்றோரில் நூற்றுக்கு 35. அற்புதம் என்று துள்ளவேண்டா. நூற்றுக்கு 58 பேர் இதிலும் முழுமையாக விடவில்லை. ஆனால் கட்டணமின்றி, எளியவர்களே எளியவர்களுக்கு நடத்தும் ஒரு கூட்டம், பட்டம் பெற்ற வல்லுநரின் சிகிச்சைக்கு ஈடாக நிற்கிறது, சற்று மேலாகவும் நிற்கிறது என்பது சிறிய செய்தியா? இது எவ்வழியே வேலை செய்கிறது என்று ஆராய்ந்தபோது, குடிக்கும் நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் கூடுவதும், ‘என்னால் மறுக்கமுடியும்’ என்ற உறுதி வளர்வதும் முதன்மையான வழிகளாகத் தெரிந்தன. நோய் மிக முற்றியவர்களிடம் ஆன்மிக நாட்டத்துக்கும் பங்கு இருந்தது என்று அதே ஆய்வாளர் எழுதியிருக்கிறார். நமக்கு உவப்பானதை மட்டும் பொறுக்கிக்கொள்வது பகுத்தறிவாகாது. ஆதலின் அதையும் இங்கே பதிகிறேன்.

இனித் தன்மானம். ‘மதுவின் முன் நான் வலுவற்றவன் ஆனேன்’ என்பது அவர்களின் முதற்படி. “வலுவற்றவன் என்று ஒருவன் தன்னைத் தானே சொல்லிக்கொள்வதா? இதற்கா நாம் தலைநிமிர்ந்தோம்?” என்று குமுறுகிறது இளைஞன் உள்ளம். ஹோமரின் காவியத்திலே ஒடிசியஸ் என்னும் வீரன் கடலிலே வருகிறான். கேட்டவரைக் கவர்ந்திழுத்துக் கொல்லும் பாட்டு ஒலிக்கும் தீவை அவன் கப்பல் கடக்கவேண்டும். அவன் என்ன செய்தான்? “நான் வீரன், பாட்டு என்னை என்ன செய்யும்” என்று மார்தட்டினானா? தோழர்களின் காதுகளை மெழுகால் அடைத்தான். தன்னைப் பாய்மரத்திலே கட்டச் சொன்னான். அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுகக் கட்டுங்கள் என்று முன்கூட்டியே ஆணையிட்டான். தெளிந்த வேளையிலே இருந்த ஒடிசியஸ், மயங்கப்போகும் ஒடிசியசை அறிந்திருந்தான். தன் வலு எவ்விடத்திலே முடிகிறது என்று அளந்து அறிவதைவிட அறிவுக்கு வேறு என்ன வேலை? அவனைக் கோழை என்று மூவாயிரம் ஆண்டாக எவரும் சொன்னதில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு மதுக்கடை வழியாகப் போகவேண்டியிருப்பதால், “அண்ணே, என்னோடு நடந்து வாருங்கள்” என்று தொலைபேசியிலே கேட்கும் கொத்தனாரை மட்டும் நாம் கோழை என்போமா? தெருவிலே ஆடை நழுவிக் கிடந்தபோது போகாத மானம், ஓர் அறையிலே பதினோரு பேர் முன் உண்மை பேசினால் போய்விடுமா?

“கடைகளை மூடச் சொல்லாமல் கூட்டம் பேசுகிறீரே” என்று சினப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை நம் மாநிலத்திலே அரசின் கையிலேயே இருக்கிறது. அதை எதிர்த்து எழுதுவோர் எழுதட்டும், நானும் கையெழுத்திடுவேன். 2024-இல் கள்ளக்குறிச்சியிலே மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததையும் அதே தாளிலே எழுதிக்கொள்வோம். சட்டம் வரும்வரை, வந்த பின்னும், குடிநோய் பற்றிய மனிதன் ஒருவன் நம் தெருவிலே இருப்பான்.

அவனுக்கு வழி காட்டுவது அரிதன்று. ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957-லேயே வந்துவிட்டது. தமிழிலே நடக்கும் கூட்டங்கள் நம் மாநிலத்தில் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலே கேட்டால் இடம் தெரியும். போதை மீட்புக்கான நாடளாவிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. முதற் கூட்டம் பிடிக்கவில்லையென்றால் மூன்று வேறு கூட்டங்களாவது பார்த்துவிட வேண்டும். குழுவுக்குக் குழு மணம் வேறு. முதல் நாள் பேசவேண்டியதில்லை. கடைசிப் பலகையிலே உட்கார்ந்து கேட்டால் போதும். குடும்பத்தாருக்கென்று ‘அல்-அனான்’ என்ற தனிக் கூட்டம் 1951 முதல் இருக்கிறது. அவன் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அவன் மனைவிக்கு அங்கே இடமுண்டு. குடிக்கும் பெண்ணுக்கோ நம் ஊரிலே எந்த வாயிலும் எளிதிலே திறப்பதில்லை. ஆணுக்கு நோய் என்று ஒப்புக்கொள்பவர்கூட, பெண்ணுக்கு ஒழுக்கக்கேடு என்கிறார். இந்த அநீதியைத் தனியே ஒரு நாள் எழுதவேண்டும்.

வாயில் இல்லாத ஊரிலே நாமே ஒன்றைத் திறக்கலாம். ஏ.ஏ.வின் விதிப்படி இரண்டு அல்லது மூன்று குடிநோயாளிகள் குடியை விடுவதற்காகக் கூடினாலே குழு ஆகிவிடும். அந்தக் குழுவுக்கு வேறு எந்தச் சார்பும் இருக்கலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. கடவுள் பெயர் வேண்டா என்று அவர்கள் விரும்பினால் அதற்கும் அங்கே தடையில்லை. நம் படிப்பகங்கள் பல, மாலை எட்டு மணிக்குப் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை திறந்துகொடுப்போம். அன்று கொடி வேண்டா. சுவரிலே ஒட்டிய முழக்கங்கள் இருந்தால் திரை போட்டு மறைக்கலாம். சங்கடமாக இருந்தாலும் மறைக்கலாம். வருகைப் பதிவேட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். சாவி கொடுப்பவர் உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடவேண்டும். நான்கு வாரம் ஒருவரும் வராமல் போகக் கூடும். ஐந்தாம் வாரமும் அதே நாள், அதே நேரம் விளக்கு எரியவேண்டும். அவர்கள் வாடகை தருவார்கள், அது அவர்கள் கொள்கை. “வேண்டா, நாங்கள் உங்களுக்காகச் செய்கிறோம்” என்று பெருந்தன்மை காட்டிவிடாதீர்கள். பத்து ரூபாயானாலும் வாங்கிக்கொண்டு, பெயர் எழுதாமல் ரசீது கொடுங்கள்.